கரிச்சான் படித்த குரல்

ஒலிப்பதிவில் முதலில் வந்தது மழைத்துளி, இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் சத்தம். பிறகு தூரத்தில் ஓர் அணில். பிறகு கரிச்சான். கொண்டை வைத்த அந்தக் கரிச்சான் சுற்றியுள்ள எல்லா உயிர்களின் குரலிலும் பேசும் என்று சுபாஜினிக்குத் தெரியும். பருந்து போலக் கூவியது, அணில் போலக் கிறீச்சிட்டது, பூனை போல ஒருதரம் முனகியது. ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அதே கிளையிலிருந்து, அதே தொண்டையிலிருந்து, ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ஏங்க… கொஞ்சம் இங்க வாங்களேன்."

வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்த கணவன் சுரேஸிடம் ஹெட்ஃபோனைக் கொடுத்தாள்.

"இது நீதானே," என்றான் அவன், மென்றுகொண்டே.

"நான் இல்லைங்க."

"பின்ன யாரு, எனக்கு ரெண்டாந்தாரமா? ஒம் மூக்கடைச்ச கொரல எனக்குத் தெரியாதா?"

ஸ்பிரிங்வெளியில் நேர்சரி டீச்சர் வேலை அவளுக்கு. நாள் முழுக்கப் பிள்ளைகளோடு கத்துகிறவள், குருவிக்காகக் காட்டுக்குப் போனால் மட்டும் வாயே திறக்க மாட்டாள். ஒலிப்பதிவின் முதல் பாடம் அதுதான். செப்டம்பர் பிறந்ததும் வடக்கேயிருந்து வலசைக் குருவிகள் வரத் தொடங்கும்; பதுளையில் இருக்கும் பறவைக் குழுவுக்காக அவற்றின் சத்தங்களைச் சேர்த்துக் கொடுப்பாள். குழுவை நடத்தும் புஹாரி சேர் இரவல் கொடுத்த ரெக்கோடரைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் ஒரு மரத்தில் கட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி வந்திருந்தாள். அது தானாகப் பதிந்துகொண்டிருந்த விடியற்காலையில் அவள் கீழே, வரிசை வீடுகளான லயத்தில், தன் காம்பராவுக்குள், மகளின் பக்கத்தில் படுத்திருந்தாள்.

புஹாரி சேர் போனில் சந்தோஷப்பட்டார். "அருமையான பதிவு டீச்சர். ஆனா ஒருதரம் கேட்டதெல்லாம் கரிச்சான் சொல்லாது. திரும்பத் திரும்பக் கேட்டாத்தான் அதுக்குப் பாடமாகும். அங்க கொழுந்தெடுக்குற யாரோ இப்படிக் கூப்பிடுறாங்க போல. கிட்டப் போய் இன்னொண்ணு எடுத்துட்டு வாங்களேன்."

மேல் டிவிசனில் யாரும் கொழுந்து எடுப்பதில்லை. பல வருடத்துக்கு முன்பே, நிலத்தில் வெடிப்பு விழுந்து மண் சரியும் பயம் வந்ததும், ஆட்களைக் கீழே இறக்கிவிட்டார்கள்; அந்த மலை அப்படியே காடாகிவிட்டது. அதை அவள் அவரிடம் சொல்லவில்லை. இன்னொன்றையும் சொல்லவில்லை. அது அவள் வெளியில் கூப்பிடும் குரலே அல்ல. பாப்பா தூங்கிய பிறகு, விளக்கை அணைத்த பிறகு, சுவருக்கு அப்பால் அடுத்த காம்பராவில் இருக்கும் மரியகொரட்டி அக்காவுக்குக் கேட்டுவிடாதபடி தாழ்த்திக் கூப்பிடும் குரல். அந்தக் குரலை அங்கே யார் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பார்கள்?

அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை அந்தியில் பாப்பாவை மரியகொரட்டி அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். தார் ரோட்டு முடிகிற வளைவில் சுரேஸ் த்ரீவீலை நிறுத்தினான்.

"இருட்டுறதுக்குள்ள வந்துரு. நீ காதுக்குள்ள மொணமொணன்னு எதையாச்சும் சொன்னாத்தான் பாப்பா தூங்கும். போன தடவ நான் பாடி, அது வீறிட்டு, அக்கா வந்து என்னையத்தான் ஏசுச்சு."

"நீங்க பாடுனா யாருதான் அழ மாட்டாங்க? வண்டிய விட்டு எறங்காதீங்க. அந்தப் பக்கம் பள்ளம், பூரா வெடிப்பு. போனும் சிக்னல் எடுக்காது."

"சரிங்க டீச்சர்," என்று கைகட்டிக் காட்டினான்.

ஒற்றையடிப் பாதை முதலில் மானாப் புல்லுக்குள்ளும், பிறகு கவ்வாத்து வெட்டாத தேயிலைக்குள்ளும் நுழைந்தது. இடுப்பளவுக்கு மேல் வளரவிடாமல் காலங்காலமாக வெட்டப்பட்ட செடிகள் இப்போது கேட்பாரற்று மரங்களாகி, முறுக்கிய கைகள் போலக் கிளைகளை உயர்த்தி, ஒன்றின் தலைமேல் ஒன்று சாய்ந்து நின்றன. அவற்றின் அடியில் அழுகிய இலையும் ஈரமண்ணும் பழைய அடுப்புச் சாம்பலும் கலந்த ஒரு மணம் அடித்தது, இத்தனை வருடத்துக்குப் பிறகு சாம்பல் மணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தபடியே கணுக்காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டாள். நமுனுகுலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் கழற்றப்பட்ட, ஆட்கள் முன்பு குடியிருந்த லயம் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, கதவில்லாத வாசல்கள் மட்டும் கடைசிவரை கறுப்பாக நின்றன. எங்கோ ஓர் ஆறுமணிக்குருவி, கடல் தாண்டி வந்த களைப்போடு, இரண்டு சுரத்தில் விசிலடித்தது.

சிறிய ஸ்பீக்கரை ஒரு தேயிலை மரத்தின் கவட்டில் வைத்தாள். குருவிக்காரர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். ஒரு பறவையின் குரலை அதற்கே போட்டுக் காட்டினால், தன் இடத்துக்குள் யார் வந்தது என்று பார்க்க அது கிட்டே வரும். ரெக்கோடரை ஓட விட்டாள். பதிவைப் போட்டாள்.

"ஏங்க… கொஞ்சம் இங்க வாங்களேன்."

காட்டில் அத்தனை சத்தமும் நின்றது. சில்வண்டு கூட.

மறுபடி போட்டாள். தொண்டை காய்ந்தது. எச்சில் விழுங்கினாள், வலித்தது. மூன்றாவது தடவை போட்டபோதுதான் இறகுச் சத்தம் கேட்டது. கரிச்சான் வந்து அவள் தலைக்கு நேர் மேலே உட்கார்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிளந்த வால். மைக்கறுப்பு. கொண்டையில் பனித்துளி.

"ஏங்க…"

குரல் பள்ளத்திலிருந்து வந்தது.

அவள் ஸ்பீக்கரைப் பார்த்தாள். பதிவு முடிந்திருந்தது. மேலே பார்த்தாள். கரிச்சானின் அலகு மூடியிருந்தது. தலையைச் சாய்த்துப் பள்ளத்தையே கவனித்துக்கொண்டிருந்தது, நேர்சரியில் முன்வரிசைப் பிள்ளை பாட்டைக் கவனிப்பது போல.

அது படித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இங்க வாங்களேன்."

இந்தமுறை இன்னும் கிட்டே. இன்னும் செல்லமாக. மூக்கு அடைத்த அந்த 'ங்க' கூட அப்படியே.

ஸ்பீக்கரை அணைத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பனிமூட்டத்தில் சத்தம் எவ்வளவு தூரம் போகும்! மூன்று தடவை அவளே போட்டிருக்கிறாள். ரோட்டில் கேட்டிருக்கும்.

"வர்றேன் சுபா!" சுரேஸின் குரல். த்ரீவீல் பக்கமிருந்து அல்ல. தேயிலைக்குள்ளிருந்து. "எங்க நிக்கிற?"

"இங்கதாங்க," என்றது பள்ளம்.

வராதீங்க என்று கத்த வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை.

காற்று மட்டும் வந்தது. நெஞ்சை அழுத்திக்கொண்டு மறுபடி முயன்றாள். தொண்டைக்குள் ஏதோ சிறிதாக, இறுக்கமாக, புதிதாக அசைந்தது. பிறகு வெளியே வந்தது.

விசில். இரண்டு சுரம், ஆறுமணிக்குருவி போல.

வாயைப் பொத்திக்கொண்டாள்.

டோர்ச் வெளிச்சம் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவள் அதை நோக்கி ஓடினாள். முள் கிழித்தது. சறுக்கி விழுந்தாள். எழுந்தாள். அவன் இதோ நிற்கிறான், கைக்கெட்டும் தூரத்தில், நனைந்த முடி, வாயில் சிரிப்பு. வெளிச்சம் அவள் முகத்தில் நேராக விழுந்தது. கண் கூசியது. என்னங்க, நான்தாங்க என்று வாயெடுத்தாள்.

விசில்.

அவன் பார்வை அவள் மேல் நிற்கவில்லை. நெற்றியைத் தாண்டி, இலைகளுக்குள், கிளைகளுக்குள் தேடியது.

"சுபா! ஒங் குருவி இங்கதான் கத்துது!"

"அத விடுங்க. வாங்களேன்."

"வந்துட்டேன், வந்துட்டேன்."

அவன் பள்ளத்துப் பக்கம் திரும்பினான். அவள் அவன் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தாள். விரல்களில் ஈரம் மட்டும் பட்டது. வெளிச்சம் பள்ளத்துக்குள் இறங்கியது. இலை சரசரத்தது. ஒரு கல் உருண்டது. அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள், மண் சரியும் சத்தத்துக்காக, அவன் அலறலுக்காக.

அலறல் இல்லை.

சிரிப்பு. அவனுடையது. பிறகு அவளுடையது, பள்ளத்துக்குள்ளிருந்து. பிறகு இரண்டு பேர் மேடேறும் காலடி, மூச்சிரைப்பு, "பாத்து வாங்க" என்ற சொல். பனிக்கு அப்பால், எட்டாத தூரத்தில், அவளைக் கடந்து போனார்கள். த்ரீவீல் இருமி உயிர்பெற்றது.

ரோட்டு விளிம்புக்கு அவள் வந்து சேர்ந்தபோது பனிமூட்டம் விலகியிருந்தது. சிவப்புப் பின்விளக்கு வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டிக்குள் இரண்டு தலைகள் தெரிந்தன. முன்னால் அவன். பின்சீட்டில் இருந்தது முன்னே சாய்ந்து, அவன் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தது. கடைசித் திருப்பத்தில் மட்டும் பேச்சை நிறுத்தி, தலையைத் திருப்பி, மேலே காட்டைப் பார்த்தது.

கீழே லயத்தின் முன்னால் வண்டி நின்றது. ஒரு கதவு திறந்தது. மஞ்சள் வெளிச்சத்துக்குள் சின்னதாக ஒன்று கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தது. பின்சீட்டிலிருந்து இறங்கியது அதைத் தூக்கித் தோளில் சாய்த்து, அதன் காதுக்குள் குனிந்தது.

கதவு மூடியது.