ஆயுள் முடியாத இரண்டு பெட்டிகள்

1987 ஜூலை 10, வெள்ளி. காலை 9.40.

வில்லியனூர்க் கிளை அலுவலகத்தில் இரட்டைக் கொலை. சோதனைக்குக் கொடுத்த பத்தில் செத்தவை இரண்டு இருமல் மருந்துப் பெட்டிகள். ஒன்றுக்கு ஆகஸ்ட் வரை ஆயுள், இன்னொன்றுக்கு செப்டம்பர் வரை. இரண்டையும் 'காலாவதி' என்று கம்ப்யூட்டர் அச்சடித்துத் தள்ளிவிட்டது. அதே புரோகிராம், அதே பத்துப் பெட்டிகளின் விவரம், பாண்டி தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் சரியான விடையே தந்தது.

திங்கட்கிழமை அந்தப் புரோகிராம் ஒரு மருந்துக் கிடங்குக்குப் போகவேண்டும். எழுதியவள் ஒதியம்பட்டு கிரேஸ் மேரி. ஆறு மாத உழைப்பு.

"மூணு மணிக்குள்ள காரணம் சொல்லு. இல்லாங்காட்டி திங்கக்கிழமைலேர்ந்து நீ வர வேணாம்" என்றார் மேலாளர் சிங்காரவேலு. "ஒரு நாள் ஓடுது, ஒரு நாள் படுத்துக்குது. இத வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

மெஹர் நிஷா பேனாவை எடுத்தாள். கிருமாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் இவளுக்குப் பிறர் எழுதிய புரோகிராமைச் சோதிக்கும் வேலை. கெட்டிக்காரி என்று சும்மா சொல்லவில்லை, மேலே படியுங்கள்.

10.15. விடை தப்பிய நாட்களைக் காலண்டரில் சிவப்பு மையால் சுழித்தாள். மூன்று மாதத்திலும் சுழி எல்லாம் ஒன்றாம் தேதிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே விழுந்தது. அதிலும் மே 5, ஜூன் 6, ஜூலை 7 மட்டும் சுத்தம்.

11.00. மெஹரின் விசாரணை.

"காலைல மெஷினப் போடறது யாரு சார்?"

"நான்தான். பாண்டி மெஷினுக்கு பேட்டரி கீது, தேதிய அதுவே ஞாபகம் வெச்சிக்கும். இதுக்கு ஆஃப் பண்ணா மறந்துபூடும். தெனம் நான்தான் அடிக்கணும்."

"ஒழுங்கா வாங்கிக்குதா?"

"சில நாள் தகராறு பண்ணும், தப்பும்பும். முன்ன பின்ன மாத்திப் போட்டா வாங்கிக்கும்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ஒரே தடவைல வாங்கிக்கிச்சு."

மெஹர் கம்ப்யூட்டரிடமே தேதி கேட்டாள். அன்று காலை பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் நெற்றியில் இன்னும் காயவில்லை. திரையில் பத்து, ஏழு, எண்பத்தேழு என்று எண்கள் வந்தன. அவற்றுக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'புதன்' என்று இருந்தது.

"சரியாத்தானே கீது?" என்றார் சிங்காரவேலு. கிரேஸும் தலையாட்டினாள். மெஹர் மட்டும் எழுந்து போய்ச் சுவர்க் காலண்டரில் அக்டோபர் தாளைப் பார்த்தாள்.

மதியம் 2.40.

"கொலகாரன் புரோகிராம் இல்ல. நீங்கதான் சார்."

சிங்காரவேலு முகம் சிவந்தார்.

"இன்னிக்கு வெள்ளின்னுதானே பொட்டு வெச்சீங்க? மெஷினு புதன்னு சொல்லுது. அதுக்கு அமெரிக்காக்காரன் வழக்கம் சார், மாசம் முதல்ல, தேதி அப்புறம். பத்து, ஏழுன்னு நீங்க அடிச்சத அக்டோபர் ஏழுன்னு எடுத்துக்கிச்சு. அக்டோபர் ஏழு புதன்தான், பாத்துட்டேன். அதான் ரெண்டு பெட்டியும் போச்சு."

"அப்ப மத்த நாள் எப்படி ஓடிச்சு?"

"பன்னெண்டுக்கு மேல தேதி அடிச்சா, பதிமூணாவது மாசம் கிடையாதே. அதனால தப்புன்னு சொல்லிச்சு. நீங்க மாத்திப் போட்டீங்க, சரியாப்பூடுச்சு. அஞ்சு-அஞ்சு, ஆறு-ஆறு, ஏழு-ஏழு, எப்படி அடிச்சாலும் ஒண்ணுதான். தகராறு பண்ண நாளெல்லாம் நல்ல நாள் சார். சும்மா வாங்கிக்கின நாள்தான் கெட்டது."

கிரேஸ் விரல் விட்டு எண்ணினாள். "திங்கக்கிழமை பதிமூணு. அப்ப ஒழுங்கா ஓடியிருக்கும்."

"மாசம் முடியற வரைக்கும் ஓடும்டி. ஆகஸ்ட் ஒண்ணாந் தேதி கெடங்குல ஒண்ணு, எட்டுன்னு அடிப்பாங்க, மெஷினு ஜனவரி எட்டுன்னு நெனச்சிக்கும். கெட்டுப்போன மருந்த நல்லதும்பும். அத யாராவது குடிப்பாங்க."

அந்தக் காலண்டர் தாளையும் மூன்று மாதச் சுழிகளையும் வைத்துக்கொண்டு, ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் கண்டுபிடித்த பெண்ணை எப்படி மெச்சாமல் இருப்பது?

"தேதிய இனிமே புரோகிராமே கேக்கட்டும்" என்றாள் கிரேஸ். "மாசத்த எழுத்துல காட்டி, சரியான்னு கேட்டுத்தான் மேல போவணும். நாளைக்குள்ள எழுதிடறேன்."

2.55. சிங்காரவேலு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"சார், புரோகிராம்ல தப்பு இல்ல. மூணு மாசமா தேதிய மாத்தி அடிச்சது நான்தான்... இல்ல சார், அந்தப் பொண்ணு வேணும். அவ இல்லாம இத யாரு திருத்துவா?" கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு போனை வைத்தார். மனிதர் இதை இரண்டு பெண்களுக்கும் எதிரிலேயே சொன்னார். அதற்காக அவரையும் எனக்குப் பிடித்துப் போனது.

"நீ இரும்மா" என்றார் கிரேஸிடம்.

அதுவரை அழாத கிரேஸ் அப்போது அழுதாள். மெஹர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் அழுது முடிடி. நீ எழுதினாத்தான் நான் சோதிக்க முடியும்."