சூளகிரி வரைக்கும் ஆடுது

அத்தா ஓட்டினால் ஸ்டீயரிங் ஆடும். அம்மா ஓட்டினால் ஆடாது. மூக்கண்டப்பள்ளியில் அதியாவின் வீட்டில் மூன்று மாதமாக நடக்கும் வழக்கு இதுதான்.

வழக்கில் மாட்டிக்கொண்ட கார் ஒரு பழைய பத்மினி. அதியாவின் அத்தா மன்சூரைவிட அது இரண்டு வயது மூத்தது. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, லீவு நாளெல்லாம் பாடுபட்டு அத்தாவே சரிசெய்தார். ஆனால் வாரம் முழுக்க அவர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய்விடுவார். கார் வாசலிலேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அதற்கு வேலை. அன்றைக்கு எல்லோரும் கிருஷ்ணகிரியில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போவார்கள்.

பாதி வழியில் இருக்கும் சூளகிரி வரை அத்தா ஓட்டுவார். அங்கே டீ குடித்ததும் அம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்வாள். பிறந்த ஊர்த் தெருவில் தானே கார் ஓட்டிப் போய் இறங்கினால்தான் அம்மாவுக்கு மனசு நிறையும். திரும்பி வரும்போதும் அம்மாதான் ஓட்டுவாள். நைட் ஷிஃப்ட் இருப்பதால் அத்தா பின் சீட்டில் தூங்கிவிடுவார்.

வேகம் அறுபதைத் தொட்டால் போதும், அத்தாவின் கையில் ஸ்டீயரிங் கடகடவென்று நடுங்கும். அம்மாவிடம் வந்ததும் சமர்த்தாகிவிடும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். ஓட்டத் தெரியாதவர் வண்டி ஆடுதுங்கறார்!" என்று அம்மா சிரிப்பாள்.

கிருஷ்ணகிரியில் பழைய கார் பார்க்கும் மெக்கானிக் ஆஞ்சப்பன் இரண்டு முறை சோதித்துவிட்டார். சக்கரங்களை பேலன்ஸ் செய்தார், ஓட்டியும் பார்த்தார். "ஒரு கொறையும் இல்லீங்க மன்சூர் பாய். நீங்க கொஞ்சம் லூசாப் புடிங்க" என்று சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அத்தா அறையில் தனியாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தா பண்றீங்க?" என்று கேட்டாள் அதியா.

"கை நடுங்குதான்னு பாத்தேன் கண்ணு. நான் லேத் மிஷின்ல நிக்கறவன். கை நடுங்கினா என்ன ஆவும்?" அத்தா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "வண்டியைக் குடுத்துடலாம்னு இருக்கேன். பெங்களூர்க்காரர் ஒருத்தர் அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கறாராம்."

அதியாவுக்கு அழுகை வந்துவிட்டது. கார் போனால்கூடப் பரவாயில்லை. அத்தா தன் கையையே நம்பாமல் போய்விட்டாரே! அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஆடுவது கையா, காரா? படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்தாள்.

மறுநாள் கிளம்பும்போது, "அம்மா, இன்னிக்கு நீ முதல்ல ஓட்டு" என்றாள்.

"ஏண்டி?"

"ஒரே ஒரு தடவைம்மா. சும்மா பாக்கலாம்."

அம்மா சாவியை வாங்கிக்கொண்டாள். பேரண்டப்பள்ளி தாண்டியதும் வேகம் அறுபதைத் தொட்டது.

"ஐயோ! என்னங்க, ஆடுதுங்க!"

பக்கத்தில் இருந்த அத்தா எட்டிப் பார்த்தார். "அட, ஆமா! ஆடுது! நல்லா ஆடுது!" என்று கைதட்டினார். கார் ஆடுகிறதே என்று இப்படிச் சந்தோஷப்பட்டவரை நெடுஞ்சாலை அதுவரை பார்த்திருக்காது.

சூளகிரியில் டீ குடித்த பிறகு அத்தா ஓட்டினார். கிருஷ்ணகிரி வரை ஸ்டீயரிங் அசையவே இல்லை.

"ஆள் மாறினதால ஆட்டம் நிக்கல" என்றாள் அதியா. "யார் ஓட்டினாலும் சூளகிரி வரைக்கும்தான் ஆடுது. அதுக்குள்ள என்னமோ மாறுது."

நேராக ஆஞ்சப்பன் கடைக்குப் போனார்கள். அம்மா நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதியா காரைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கதவு, கண்ணாடி, டயர்.

டயர் சுட்டது! காலையில் அதன்மேல் கை ஊன்றித்தான் செருப்பு மாட்டினாள். அப்போது சில்லென்று இருந்ததே.

தம்பி ஜமீர் பக்கத்தில் வந்து நின்றான். காலையில் தூங்கி எழுந்தபோது அவன் கன்னமெல்லாம் பாய்க்கோடு. இப்போது ஒரு கோடும் இல்லை.

"ஆஞ்சப்பன் மாமா, பாயில படுத்தா கன்னத்துல தடம் விழுதுல்ல? அப்புறம் மறைஞ்சுடுது. டயரும் ஒரு வாரம் ஒரே எடத்துல நின்னா அடியில தடம் விழுமா?"

ஆஞ்சப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

"விழும் பாப்பா! இது பழைய மாதிரி நைலான் டயர். நின்னு நின்னு அடி தட்டையாயிடும். ஓடிச் சூடானா மறுபடி உருண்டையாயிடும். எங்கிட்ட வர்றதுக்குள்ள அம்பது கிலோமீட்டர் ஓடிடுது. நான் எங்க கண்டுபிடிக்கறது? மன்சூர் பாய், உங்களைப் போய் லூசாப் புடிக்கச் சொன்னேனே!"

"புது டயர் போடணுமா?" என்று அத்தா கேட்டார்.

"டயர் தரையில படாம நின்னா?" என்றாள் அதியா.

ஆஞ்சப்பன் உள்ளே போய் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளைத் தூக்கிவந்தார். "வீட்டுக்குப் போனதும், டயர் சூடு ஆறதுக்கு முன்னாடி ஏத்தி நிறுத்துங்க" என்றார்.

அன்று மாலை அத்தா ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்திவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அந்த வாரம் முழுக்கத் தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை.

"உங்க கார் ஏன் கால் தூக்கி நிக்குது?" என்று பக்கத்து வீட்டு சந்தோஷ் கேட்டான்.

"அதுக்குக் கால் மரத்துப்போவுதாம்" என்றாள் அதியா.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அத்தா காரைக் கீழே இறக்கிவிட்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். அம்மா வேகமுள்ளைப் பார்த்தாள். அதியா அத்தாவின் கைகளைப் பார்த்தாள்.

நாற்பது. ஐம்பது. அறுபது.

ஸ்டீயரிங் அசையவில்லை. அத்தாவின் கைகளும் அசையவில்லை. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை அதியா கண்ணாடியில் பார்த்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்போது அத்தாவின் போன் அடித்தது. அம்மா எடுத்தாள். பெங்களூர்க்காரர்தான். சாயங்காலம் எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார்.

"மன்னிச்சுக்கங்க, வண்டி குடுக்கறதா இல்லீங்க" என்றாள் அம்மா. பிறகு அத்தாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இதை நல்லா ஓட்டத் தெரிஞ்சவர் எங்க வீட்லயே இருக்காருங்க."