எழுபத்தொரு கிலோ பரங்கிக் கொலை

"ஐயோ...!"

அந்த அலறலில் கிழக்கேகோட்டை அக்ரகாரத் தெருவே எழுந்து உட்கார்ந்தது.

அலறியவள் ஜெயலக்ஷ்மி மாமி. கையிலிருந்த கோலமாவுக் கிண்ணம் நழுவி உருண்டு கொண்டிருந்தது.

கூடத்தின் நடுவே... அது கிடந்தது.

வயிறு குறுக்காகப் பிளக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் வழித்து எடுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஈரம் காயாத அரிவாள்மணை!

"ஏன்னா... ஓடி வாங்கோ! நம்ம குழந்தையை யாரோ கொன்னுட்டா!"

போனில் 'கொலை' என்று கேட்டதும் பாதி தோசையில் கை கழுவிவிட்டு ஜீப்பில் ஏறினார் சப்-இன்ஸ்பெக்டர் செல்வமணி. கான்ஸ்டபிள் சுப்பு முதலில் உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"சார்... பாடி..."

"ஆணா, பெண்ணா?"

"மத்தங்கா சார்."

"எந்தா?"

"பரங்கிப் பூசணிக்காய் சார். எழுபத்தொரு கிலோவாம்!"

செல்வமணிக்குச் சிரிப்பு வந்தது. அது உதட்டுக்கு வருமுன் சட்டைப் பையில் செல்போன் கத்தியது.

டி.வை.எஸ்.பி.!

"எடோ செல்வமணி! பதினோரு மணிக்கு புத்தரிக்கண்டம் மைதானப் பந்தல்ல மந்திரி அந்த மத்தங்காயை வெட்டப் போறார். டி.வி.க்காரங்க வர்றாங்க. மந்திரி கத்தியை எடுத்தா, வெட்டறதுக்கு அவர் முன்னால ஏதாவது இருக்கணும். இல்லேன்னா... உனக்கு காசர்கோடு டிரான்ஸ்பர்!"

லைன் கட்.

காசர்கோடு! மாநிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி! வீட்டில் மனைவி ஷிஜாவுக்கு நிறைமாதம். முதல் பிரசவம். 'நீங்க பக்கத்துல இல்லேன்னா நான் ஆஸ்பத்திரிப் படியே ஏறமாட்டேன்' என்று காலையில்கூடக் கண்ணைக் கசக்கினாள்.

கூடத்து மூலையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார் வீட்டுக்காரர் பட்டாபி. சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். அனந்தபுரி ராட்சதக் காய்கறிக் கழகத்தின் இந்த வருட சாம்பியன். நேற்று பந்தலில் எடை போட்டு, ஜெயித்து, பூஜை போடுவதற்காக ஒரு ராத்திரிக்குக் காயை வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தார்.

"காய்தானே போச்சு மாமா? சாலை மார்க்கெட்ல வேற ஒண்ணு..."

"ஓய்! காய் யாருக்கு வேணும்? விதை! விதை போயிடுத்து!" பட்டாபி மார்பில் அடித்துக் கொண்டார். "எங்க கழகத்துல விதையைக் காசுக்கு விக்கப்படாது, கேட்டேளா? பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கறாப்பல மாத்திக்கணும். ஜெயிச்ச காயோட விதைக்குத்தான் மவுசு. இதுக்குப் பேரே 'எழுபத்தொண்ணு பட்டாபி'. அம்மா அம்பத்தெட்டு. அப்பா அறுபத்துமூணு!"

"வயசா?"

"கிலோ! பெண் பூவை முந்தின நாள் சாயங்காலமே நூலால கட்டிடணும். காலம்பற ஆண் பூவைக் கொண்டு வந்து நாமே தொட்டு வைக்கணும். நடுவுல ஒரு தேனீ நுழைஞ்சாலும் குலம் கெட்டுது! அப்பன் பேர் தெரியாத விதையை எவனும் கையால தொடமாட்டான்."

செல்வமணி தன் கல்யாணத்தில்கூட இத்தனை விசாரித்ததில்லை.

"செரி... அதை மேடையில எதுக்கு வெட்டணும்? வீட்லயே காய வெச்சு, கவர்ல போட்டுக் குடுத்தா என்ன?"

"குடுத்துப் பாத்தாச்சு! ஒரு வருஷம் எங்க தலைவர் சற்குணம் ஜெயிச்சார். கவர்ல போட்டு எல்லாருக்கும் விதை குடுத்தார். ஒண்ணு முளைக்கலை. மனுஷன் வெந்நீர்ல முக்கி எடுத்துட்டுக் குடுத்திருக்கார்! அதுலேர்ந்துதான் சட்டம். முதல் பரிசுக் காயை மேடையில வெட்டணும். எல்லார் கண் முன்னாலயும் பச்சையா விதையைப் பங்கு வைக்கணும்."

"அவரே இன்னும் தலைவரா?"

"திருடனுக்குத்தானே திருட்டு தெரியும்? அதான் வெச்சிண்டிருக்கோம்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

"சந்தேகம் என்ன ஓய்! நெல்லையப்பன்! சாலை மார்க்கெட்ல மூணு ஹோட்டல் வெச்சிருக்கான். மூணு வருஷமா ரெண்டாம் பரிசு. வயித்தெரிச்சல்!"

மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "விடியறச்சே அவன் பின்கட்டுச் சுவர் ஏறிக் குதிச்சு ஓடினான். நானே பாத்தேன். கையில தூக்குவாளி!"

செல்வமணி சுப்புவைப் பார்த்தார். சுப்பு ஜீப்பைப் பார்த்து ஓடினான்.

அரை மணியில் நெல்லையப்பன் ஆஜர். விரலுக்கு ஒரு மோதிரம். நெற்றி நிறைய விபூதி. கையில் அந்தத் தூக்குவாளி!

"திறங்க அண்ணாச்சி."

"சார்... அது வந்து..."

"திறங்க!"

சுப்பு பிடுங்கித் திறந்தான். பட்டாபி எட்டிப் பார்த்தார்.

உள்ளே... ஈரத் துணியில் சுற்றி, நாலு மஞ்சள் பூசணிப் பூக்கள்!

நெல்லையப்பன் தொப்பென்று தரையில் உட்கார்ந்தார்.

"சத்தியமாச் சொல்லுதேன் சார்! நான் பொண்ணைத் தூக்கலை... மாப்பிள்ளையத்தான் தூக்கினேன்!"

"என்ன உளறுறீங்க?"

"ஆம்பளைப் பூ சார்! சாம்பியன் கொடியில பூத்ததுல்லா! என் வீட்டுக் கொடியில ஒரு பொம்பளைப் பூவு இன்னிக்கு விரியுது. நேத்தே நூல் கட்டிப் போட்டேன். அதுக்கு நல்ல இடத்துல ஒரு சம்பந்தம் முடிக்கலாம்னு... அவ்வளவுதான் பாத்துக்கிடுங்க. கூடத்துப் பக்கமே நான் வரலை!"

"பூவைத் திருடினவன் விதையை விட்டு வைப்பானா?" பட்டாபி குதித்தார். "உள்ளே தள்ளுங்கோ சார்!"

தள்ளலாம். ஆனால் நெல்லையப்பனை உள்ளே தள்ளினால் மந்திரிக்கு வெட்ட என்ன கிடைக்கும்? நெல்லையப்பனையா வெட்ட முடியும்?

செல்வமணி காயைத் தொட்டுப் பார்த்த கையை முகர்ந்தார். ஒரே பிசுபிசுப்பு.

"மாமி, கை கழுவக் கொஞ்சம் தண்ணி."

"கிணத்துல இறைச்சே தர்றேன். ஒரு நிமிஷம்."

பின்கட்டில் ராட்டினம் கிறீச்சிட்டது. வாளி மேலே வந்தது. அடுத்த நொடி...

"ஐயோ...!"

மாமியின் இரண்டாவது அலறல்!

வாளித் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாய் மிதந்தன பூசணி விதைகள். செல்வமணி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளேயும் அதே கதை. தண்ணீர் முழுக்க விதை!

"விதை! விதை கிடைச்சாச்சு!" சுப்பு துள்ளினான்.

செல்வமணி துள்ளவில்லை. மெதுவாகத் திரும்பினார்.

"மாமா... விதைக்காகத் திருடினவன், அந்த விதையைக் கிணத்துல கொட்டிட்டுப் போவானா?"

பட்டாபியின் மேலுதடு வியர்த்தது.

"அ... அவசரத்துல..."

"அவசரத்துல கீழ போடுவான். கிணறு தேடிப் போய்ப் போடமாட்டான். இந்த விதை யார் கைக்கும் போகக் கூடாதுன்னு நெனச்சவன்தான் போடுவான். அது ஏன்?"

செல்வமணி பூசணிக் கொடியிடம் போனார். காயை அறுத்தெடுத்த இடம் என்று பின்னால் வந்த மாமி காட்டிய காம்பு அங்கே நின்றது. விரல் தடிமன். ஐந்து பட்டையாய்க் கூர்கூராக இருந்தது. அதை ஒடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து காயின் தலையில் வைத்தார்.

காயின் காம்போ உலக்கை மாதிரி உருண்டை!

"இந்தக் கொடியில காய்ச்ச காயா இது?"

பட்டாபி அப்படியே மடிந்து செல்வமணியின் காலடியில் உட்கார்ந்தார்.

"வித்துரா சந்தை சார்... மாடம்மாள்னு ஒருத்தி. மலைப்பக்கத்துப் பூசணி விப்பா. அவகிட்ட வாங்கினேன். என் கொடியில தேங்காய்க்கு மேல ஒண்ணும் பெருக்கலை. இதோட விதையைக் குடுத்தா அடுத்த வருஷம் எல்லார் தோட்டத்துலயும் உருண்டைக் காம்பு காய்க்கும். மானம் போயிடும்! ஜெயிப்பேன்னு நான் நெனக்கவேயில்லை சார்..."

"கண் பட்டுடும்னு தோட்டத்துல காயைக் கோணி போட்டு மூடினது இதுக்குத்தானா?" மாமி சீறினாள். "வாங்கிண்டு வந்ததுக்கா நான் தினம் திருஷ்டி சுத்திப் போட்டேன்!"

நெல்லையப்பன் தூக்குவாளியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அடப்பாவி... அப்போ நான் தூக்கிட்டு வந்தது எந்த வீட்டு மாப்பிள்ளை?"

செல்வமணி கடிகாரத்தைப் பார்த்தார். மூளையில் பளிச்சென்று பல்பு எரிந்தது!

"அண்ணாச்சி! முதல் காய் அவுட். அப்போ ரெண்டாம் பரிசு உங்களுதுதானே? இப்போ நீங்கதான் சாம்பியன்! உங்க காய் பந்தல்லயே இருக்கு. மந்திரி அதை வெட்டட்டும்!"

நெல்லையப்பனின் முகம் அந்தக் கோலமாவின் நிறத்துக்குப் போனது.

"எனக்கா? முதல் பரிசா? வேண்டாம் சார்..."

'என்ன அடக்கம்!' என்று வியந்தபடி செல்வமணி அவரை ஜீப்பில் ஏற்றினார்.

பந்தல். கூட்டம். டி.வி. கேமரா. முன்வரிசையில் முறைத்தபடி டி.வை.எஸ்.பி.

தலைவர் சற்குணம் மைக்கில் அறிவித்தார். மந்திரி பளபளக்கும் கத்தியுடன் எழுந்தார். காயின் அருகே போனார். கத்தியை ஓங்கினார்.

"தொடாதீங்க!"

நெல்லையப்பன் பாய்ந்து வந்து காயைக் கட்டிப்பிடித்துக் கொண்டார்!

"எனக்கு ரெண்டாம் பரிசே போதும்! அய்யா, கும்பிடுதேன்... வெட்டாதீங்க!"

பந்தலே வாயைப் பிளந்தது. செல்வமணிக்கு ஏதோ உறைத்தது. காயின் தலையில் சுற்றியிருந்த சாமந்தி மாலையை விலக்கினார்.

உருண்டைக் காம்பு!

"அண்ணாச்சி..." குனிந்து காதில் கேட்டார். "வித்துராவா?"

"மாடம்மாள்..."

"மூணு வருஷமாவா?"

"ஆமா சார். ரெண்டாம் பரிசுக்காரன் வெட்ட வேண்டாம்லா! அதான் அவகிட்ட ரெண்டாவது பெரிய காயாப் பாத்து வாங்குவேன்." நெல்லையப்பன் சொன்னது கத்தியோடு நின்ற மந்திரி காதிலும் விழுந்தது. "ஒரு தடவையாவது சொந்தமா வளக்கணும்னுதான் சார், அந்தப் பூவைப் பறிச்சேன்..."

செல்வமணிக்கு அந்த மனுஷன் மேல் இரக்கம் வந்தது. ஆனால் இரக்கத்துக்கு இது நேரமில்லை.

"மூணாம் பரிசு யாரு? கூப்பிடுங்க!"

"விழிஞ்ஞம் தாசையன்!" சற்குணம் மைக்கில் அழைத்தார். "தாசையன்... தாசையன்!"

தாசையனின் நாற்காலி காலி. பந்தலின் பின்வாசலில், தன் காயை உருட்டிக்கொண்டு ஒரு வேட்டி ஓடிக் கொண்டிருந்தது! அதன் பின்னால் நாலாவது. அதன் பின்னால் ஐந்தாவது...

"தலைவரே! உங்க காய்?"

சற்குணம் மைக்கைக் கீழே வைத்தார். "எனக்கு... பிரஷர்" என்றார். அவரும் மறைந்தார்.

மேடையில் ஒரு பரிசுக் கோப்பை. ஒரு மந்திரி. ஒரு கத்தி.

"எந்தா இது?" மந்திரி பல்லைக் கடித்தார். "ஞான் எதை வெட்டணும்?"

டி.வை.எஸ்.பி. உதட்டை மட்டும் அசைத்தார். கா... சர்... கோ...

செல்வமணி சுற்றிலும் பார்த்தார். பந்தல் வாசலில், யாரும் வெட்டாமலே ஓரமாய் ஒதுக்கிவிட்டிருந்த ஒரு சிவப்பு ரிப்பன்! பாய்ந்து அவிழ்த்தார். ஒரு முனையை சுப்புவிடம் கொடுத்து, மந்திரியின் முன்னால் விறைப்பாக இழுத்துப் பிடித்தார்.

மந்திரி கேமராவைப் பார்த்தார். சிரித்தார்.

சரக்!

கைதட்டல் பந்தலைத் தூக்கியது. டி.வை.எஸ்.பி. நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"காசர்கோடு கேன்சல். போடோ, பொண்டாட்டியைப் போய்ப் பாரு!"

செல்வமணிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சல்யூட் அடித்துத் திரும்பியவரின் தோளில் மந்திரி கை வைத்தார். ரிப்பன் துண்டைச் சந்தேகமாகத் தூக்கிப் பார்த்தார்.

"எடோ... இதுவும் கடையில வாங்கினதா?"

"ஆமா சார். ஆனா இந்தப் பந்தல்லயே அதை ஒத்துக்கிற சாமான் இது ஒண்ணுதான்!"