கை வைத்தால் பாடும்

சமையற்கட்டில் மரியப்பன் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது, நடுமுற்றமான வளவுக்கு அந்தப் பக்கம், பட்டாசாலைக் கூடத்தில் இருந்த ரேடியோ திடீரென்று தெளிவாகப் பேசத் தொடங்கியது. நிலக்கடலையைத் தாக்கும் சுருள்பூச்சியைப் பற்றி ஒரு வேளாண்மை அதிகாரி, எதிரில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளியபடி சொல்வதுபோல, அத்தனை துல்லியமாகச் சொன்னார். மரியப்பன் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். சுருள்பூச்சிக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்ன முதல் கத்தோலிக்கன் அவனாகத்தான் இருக்கும்.

அது ஏன் பேசக்கூடாது என்பது அவனுக்குச் சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

கீழச்சிவல்பட்டியில் அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்கள், ஆளுக்கோர் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மலாயாவுக்கும் மெட்ராஸுக்கும் போய்விட்டவர்கள். ஆளில்லாமல் கிடந்தால் பாழாகிவிடுமே என்று, முன்கட்டை மட்டும் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாரான அவனுக்குச் சல்லிசான வாடகைக்கு விட்டிருந்தார்கள். இரண்டாங்கட்டுக் கதவு பூட்டித்தான் இருக்கும். முழங்கை நீளத்துக்குக் கனமான சுவர்கள். வளவுக்கு மேலே, திருடன் இறங்காதபடி இரும்புக் கம்பிவலை. வானொலி அலையும் திருடனோடு சேர்ந்து வெளியிலேயே நின்றுவிட்டது.

அவன் மனைவி லூசியா அங்கே இரண்டு மாதம்தான் தாக்குப்பிடித்தாள். "நீங்க பள்ளிக்கூடம் போனா சாயங்காலம் வரைக்கும் எம் மூச்சுச் சத்தத்தை நானே கேட்டுக்கிட்டு இருக்கேன். பாடுற ஒரு பெட்டி வாங்கி வைங்க. வாரேன்" என்று தேவகோட்டைக்குப் போய்விட்டாள். அவளுடைய அப்பா உபகாரசாமி அவளைவிடப் பெரிய மனசுக்காரர். "எதுக்கு மாப்பிள்ளை ரேடியோவும் கீடியோவும்? எங்க பள்ளிக்கூடத்துலயே வேலை பாத்துத் தாரேன். மாடி ரூமு சும்மாதான் கெடக்கு" என்றார். அந்த மாடி ரூமில் நெல்மூட்டைகளுக்கு நடுவே வீட்டோடு மாப்பிள்ளையாகத் தான் அடுக்கப்பட்டிருப்பது மரியப்பனுக்கு அடிக்கடி கனவில் வந்தது.

அதனால் காரைக்குடிக்குப் போய், ரேடியோ கடை வீரணனிடம் கதையைச் சொன்னான். வீரணன் மூன்று டிரான்சிஸ்டரை எடுத்துப் பைக்குள் வைத்தார். சட்டைப்பையில் அடங்குகிற ஒன்று, தோலுறை போட்ட ஒன்று, நீட்டி மடக்குகிற ஏரியல் வைத்த பெரியது ஒன்று.

"மூணையும் கொண்டுபோயிப் பாருங்க வாத்தியாரய்யா. பொண்ணுப் பாக்கிற மாதிரிதான். கடையில எல்லாம் நல்லாத்தான் பாடும். வீட்டுல எது பாடுதோ அதை வச்சுக்கங்க."

"ஒண்ணுமே பாடலைன்னா?"

"ஏரியல் நுனியைக் கையால புடிச்சுப் பாருங்க. மனுச ஒடம்பும் ஏரியல்தானய்யா. ஆளு தொட்டா எடுக்கும், விட்டா இரையும்."

வீட்டில் சின்னது இரைந்தது. தோலுறை போட்டது, தோலுறைக்குள்ளிருந்து இரைந்தது. பெரியதும் இரைந்தது. ஆனால் மரியப்பன் ஏரியல் நுனியைப் பிடித்ததும் திருச்சி நிலையம் வந்தது, விட்டதும் போனது. பிடித்தான், வந்தது. விட்டான், போனது. ஆயுள் முழுக்க ஏரியலைப் பிடித்துக்கொண்டு நிற்பதா, மாடி ரூமா என்று யோசித்தபடிதான் காப்பி போட வந்திருந்தான்.

இப்போது ஏரியலை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

வளவைச் சுற்றி நடந்து பட்டாசாலைக்குப் போனான். பொழுது சாய்ந்து, கம்பிவலையின் நிழல் தரையிலிருந்து சுவருக்கு ஏறியிருந்தது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த அந்தச் சுவர், தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல அவன் உருவத்தை மங்கலாகக் கூடவே அழைத்து வந்தது. எங்கோ வௌவால் எச்சத்தின் வாடையும், நெடுநாள் திறக்காத மரப்பெட்டியைத் திறந்தால் வருகிற வாடையும் கலந்து வந்தன. ரேடியோ மேசைமேல் இருந்தது. அதிகாரி சுருள்பூச்சியை முடித்துவிட்டு வேர்ப்புழுவுக்கு வந்திருந்தார். மரியப்பன் ஏரியல் நுனியைத் தொட்டான். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஏற்கெனவே ஒரு கை இருக்கிற இடத்தில் இன்னொரு கையை வைத்தால் என்ன கூடிவிடப் போகிறது?

நுனி, வியர்த்த உள்ளங்கைபோல, சில்லென்று ஈரமாக இருந்தது.

கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். கணக்கு வாத்தியார் அல்லவா, ஒரு தடவை நடந்ததை நம்ப மாட்டார். ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வளவின் மறுகோடிக்குப் போய்த் தூணடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். வெறும் இரைச்சல். அப்பாடா என்று இருந்தது. இரைச்சல் தொடர்ந்தது. அவசரமில்லாத ஒரு மனிதர் பட்டாசாலையிலிருந்து தூணடிவரை நடந்து வர எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம்.

பிறகு வேர்ப்புழு தெளிவாகக் கேட்டது.

மறுபடியும் தூக்கினான். பட்டாசாலைக்கே ஓடினான். மேசைமேல் வைத்தான். இரைச்சல். இந்தத் தடவை சீக்கிரமே தெளிந்தது. நடந்து வரவில்லை. ஓடி வந்திருக்கிறது.

ரேடியோவை அணைத்தான். வீடு முழுக்க அமைதி. அவனுடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது அவனுடையதுதானா என்று மூச்சை அடக்கிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

வாசல் கதவைத் தட்டும் சத்தம். மரியப்பன் அரைமுழம் துள்ளினான்.

லூசியா பெட்டியோடு நின்றாள். "என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக? பாடுதா?"

"லூசியா, பேசாம நாம தேவகோட்டைக்கே போயிருவமா?"

"இதைச் சொல்லவா அப்பாகிட்டச் சண்டை போட்டு வந்திருக்கேன்? காலையில வாராக அவுக. ரேடியோ பாடலைன்னா என்னோட சேத்து ஒங்களையும் வண்டியில ஏத்திருவாகளாம். மாடி ரூமுல நெல்லைக்கூட ஒதுக்கிட்டாக."

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் சொன்னால் அவள் இந்த வீட்டு வாசற்படியை மறுபடி மிதிக்க மாட்டாள்; அவன் மாடிப்படியை மிதிக்க வேண்டும். வாயைத் திறந்தான். "உள்ள வா" என்றான்.

அவளே போய் ரேடியோவின் திருகைத் திருப்பினாள். இரைச்சல். அவள் முகம் விழுந்தது. மரியப்பனோ அந்த இரைச்சலைக் கேட்டுக் கண்கலங்கினான். இரைகிறது என்றால் யாரும் இல்லை. போய்விட்டது. ஏரியல் நுனியைப் பிடித்தான். நாதஸ்வரம் பொங்கி வந்தது.

"அடேயப்பா!" லூசியா சிரித்தாள். "இதையே எடுங்க. நான் இங்கிட்டே இருந்துக்கிறேன். அப்பா வந்து கேட்டுட்டுப் போகட்டும்." மேசைக்கு முதுகைக் காட்டிப் பாயில் உட்கார்ந்து, பின்னலை அவிழ்க்கத் தொடங்கினாள். "காப்பி இருக்கா? பஸ்ஸுல வந்தது தலையை வலிக்குது."

கையை எடுத்தான். இரைச்சல். நல்ல, வெறுமையான, யாருமில்லாத இரைச்சல். அதைக் காதில் வாங்கிக்கொண்டே வளவைச் சுற்றிச் சமையற்கட்டுக்குப் போனான். அடுப்பில் காப்பியைச் சுடவைத்தான். இரைச்சல். இரண்டு டம்ளரில் ஊற்றினான். இரைச்சல். ஒரு கைக்கு ஒரு டம்ளராக எடுத்துக்கொண்டு சமையற்கட்டு வாசற்படியைத் தாண்டினான்.

நாதஸ்வரம்.

இருட்டிவிட்டது. வளவுக்கு அந்தப் பக்கம், அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில், லூசியாவின் முதுகும் இடது தோளும் பக்கவாட்டில் தெரிந்தன. மேசை தெரிந்தது. ரேடியோ தெரிந்தது. ஏரியல் நிமிர்ந்து நின்றது. வேறு எதுவும் இல்லை.

வாசிப்பு லேசாகக் கரகரத்தது.

"ம்ஹூம், கையை எடுக்காதீக" என்றாள் லூசியா, திரும்பாமல். "அப்படியே புடிச்சுக்கங்க."

கரகரப்பு நின்றது. உடனே.

அவள் சொன்னது அதற்குக் கேட்டிருக்கிறது.

கத்த வேண்டும். கத்தினால் அதற்கும் கேட்கும். சூடான காப்பி விரலில் வழிந்தது. அது யாருடைய விரலோ போலிருந்தது.

"என்ன திடீர்னு பாசம்?" லூசியா சிரித்தாள். தோளைக் குலுக்கினாள். "கை இப்புடிக் குளுந்து கெடக்கே. காப்பி ஆத்தவே இல்லையா இன்னும்?"

அவள் இடது தோளில் சேலை அழுந்தியிருந்தது. ஐந்து இடத்தில். நான்கு முன்னால். ஒன்று பின்னால்.

நாதஸ்வரம் இதுவரை கேட்காத தெளிவோடு ஏறியது. வீடு நிறைந்தது. லூசியா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பெருமூச்சு விட்டு, தலையை அந்தப் பக்கமாகச் சாய்த்தாள்.

தலை பாதியில் நின்றது.

வெறும் காற்றில். எதன்மேலோ இதமாகச் சாய்ந்து. கன்னம் லேசாகப் பிதுங்க. அவிழ்ந்த கூந்தல் மட்டும், யாரோ கோதிவிடுவதுபோல, மெதுவாக, மெதுவாக, மேலிருந்து கீழே அசைந்துகொண்டிருந்தது.