உறையை விட்டுவிட்டுப் போன நாணயம்

காலை 9.10. கண்ணாடி அலமாரியில் பன்னிரண்டு கார் பந்தய நினைவு நாணயங்களுக்குப் பதில் பதினொன்றுதான் இருந்தன. பன்னிரண்டாவதன் பிளாஸ்டிக் உறை மட்டும் பத்திரமாக மூடி, காலியாகக் கிடந்தது. திருடனுக்கு எதற்கு இவ்வளவு நாகரிகம் என்று யோசித்தார் இன்ஸ்பெக்டர் அம்மாள்.

காணாமல்போனது வெள்ளி நாணயம். கார் பந்தயத்தில் இறந்துபோன வீரனின் முகம் பொறித்து, சேகரிப்பவர்களுக்காக நூறே நூறு அடித்ததில் முதலாவது. அந்த வீரன், வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற இன்ஜினியரின் ஒரே மகன்.

"டிரைவர்தான் மேடம். சாவி எந்த டிராயர்ல இருக்குன்னு அவனுக்குத் தெரியும். புடிச்சு உள்ள போடுங்க!" என்றார் இன்ஜினியர்.

மூலையில் நின்ற டிரைவரின் முகத்தில் ஈயாடவில்லை. பத்து வருடம் உழைத்த வீட்டில் திருட்டுப் பட்டம். கொஞ்சம் தள்ளி, இன்ஜினியரின் மனைவி கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

9.40. டிரைவரிடம் விசாரணை.

"அதோட விலை தெரியுமா?"

"தெரியும் மேடம். கண்காட்சிக்கெல்லாம் நான்தான் தூக்கிட்டுப் போவேன். நூறுல எத்தனாவதுங்கிற நம்பர் உறை மேலதான் இருக்கு. உறை இல்லேன்னா எவனும் வாங்கமாட்டான். விரல் பட்டாலே பாதி விலை போச்சும்பாரு சார்."

"சாவி இருக்கிற இடம் வேற யாருக்குத் தெரியும்?"

"சாரோட தம்பிக்கு. அவரும் சேர்க்கிறவர்தான். நேத்துகூட விலைக்குக் கேட்டு சண்டை போட்டுட்டுப் போனாரு."

10.05. இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார்.

"டிரைவர் இல்ல சார். உங்க தம்பியும் இல்ல. விக்கிறவனும் சரி, சேர்க்கிறவனும் சரி, உறையோடதான் தூக்கியிருப்பான். இதை எடுத்தவங்களுக்கு விலை வேணாம். தொட்டுப் பாக்கணும், அவ்வளவுதான்." சொல்லிக்கொண்டே, மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தவர் பக்கம் திரும்பினார். "அம்மா, குடுங்க."

இன்ஜினியரின் மனைவி கையை விரித்தார். பளபளத்த வெள்ளி, விரல் தடங்களால் மங்கிப்போயிருந்தது.

"வந்த நாள்லேருந்து உள்ள வெச்சுப் பூட்டிட்டாரு. ஒரு தடவைகூட தொட விடல." டிரைவரைப் பார்த்ததும் அவருக்கு அழுகை பீறிட்டது. "உன்மேல பழி வந்தப்பவும் வாயத் தொறக்க தைரியம் வரலப்பா. மன்னிச்சுடு."

இன்ஜினியர் குனிந்து நாணயத்தைப் பார்த்தார்.

"மூக்கு நம்ம புள்ளையோடது இல்லைங்க," என்றார் மனைவி, கணவரிடம். "தப்பா செதுக்கிட்டாங்க. ஆனா நெத்தி... கண்ண மூடிட்டுத் தடவினா, அவனேதான்."

புகாரைக் கிழிக்கவா என்று கேட்க வாயெடுத்த இன்ஸ்பெக்டர், கேட்காமலே கிழித்தார்.

இன்ஜினியர் மனைவியின் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டு விரலை நீட்டினார்.

"எங்க... காட்டு."