பதினேழாம் எண் கைப்பட்டை

ஜமுனாமரத்தூரில் பேருந்தை விட்டு இறங்கும்போது பகல் பதினொரு மணி. மூடுபனியில் எதிர்க்கடை தெரியவில்லை. ஈரச் சாக்கும் புளியும் கலந்த வாசனை மட்டும் வந்தது. பையில் மடிக்கணினி, மனதில் ஒரு திருட்டு வேலை. நான் குணசீலன், ஊர் கணியம்பாடி. சில பதிவுகளை அழித்துவிட்டு மாலை வண்டியிலேயே திரும்பிவிடலாம் என்றுதான் மலையேறினேன்.

என்ன பதிவுகள் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக, மலைக் கிராமங்களின் கர்ப்பிணிகளுக்கு நாங்கள் கைப்பட்டை கட்டியிருந்தோம். நாடித்துடிப்பு, உடல்சூடு, இருக்கும் இடம் மூன்றையும் அது பத்து நொடிக்கு ஒருமுறை அனுப்பும். சோதித்துப் பார்க்க, ஏழு மாதம் சுமக்கும் என் மனைவி வெண்ணிலாவுக்கும் ஒன்று கட்டினேன். அது பதினெட்டாம் எண்.

வழக்கமான அட்டவணைத் தரவுத்தளம் இந்த வேகத்துக்கு ஒத்துவராது என்று நினைத்தேன். அதில் முன்கூட்டியே கட்டம் போட்டு வைத்ததைத் தவிர வேறு எதுவும் நுழையாது. நான் அமைத்தது கட்டம் இல்லாதது. கருவி எதை அனுப்பினாலும் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்தத் தலைக்கனத்தில் ஒரு விதி எழுதினேன். சிக்னல் இல்லாத ஊர்களிலிருந்து தகவல் தேங்கித் தேங்கி வரும், திரை திணறும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாமதமாக வருவதற்கு எச்சரிக்கை மணி அடிக்காதே, ஓரமாகத் தள்ளிவிடு என்றேன்.

பதினேழாம் எண்ணைக் கட்டியிருந்த வடிவு என்ற பெண்ணின் ஊரில் சிக்னல் இல்லை. அவள் நாடி நான்கு மணி நேரம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஒவ்வொரு தகவலும் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. ஒவ்வொன்றையும் என் விதி தள்ளிவிட்டது. எட்டு மாதப் பிள்ளை வயிற்றிலிருக்க அவள் செத்துப்போனாள். இது எனக்கு மட்டும்தான் தெரியும். வாரக் கடைசியில் சுகாதாரத் துறையிலிருந்து விசாரணைக்கு வருகிறார்கள். தள்ளிய தகவல்கள் மலைமேல் சுகாதார நிலையத்துக் கணினிகளில் மட்டுமே இருந்தன; அங்கே போய்த்தான் அழிக்க முடியும்.

அங்கே செவிலியர் ஈஸ்வரி கணினி அறையைத் திறந்துவிட்டார்.

"அந்தம்மா கைல இருந்த பட்டைய வாங்கி வெச்சிருக்கீங்களா சிஸ்டர்?"

"இல்ல சார். அதோடயே பொதச்சிட்டாங்க. வயித்துப் புள்ளையோட போனவ ஒடம்புல இருக்கறத கழட்ட மாட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்பிடிப் போனவளுக்குப் பாதையோரமா நடற சுமைதாங்கிக் கல்லு கூட இன்னும் நடல. எதனால செத்தாள்னு தெரிஞ்சாதான் நடுவேன்னு அவ புருஷன் அர்ச்சுனன் குந்திக்கினு இருக்காரு. கல்லு இல்லன்னா அவ பாரத்த எங்க சார் எறக்குவா?"

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்கி இன்னா சார் ஆச்சி? உங்களுக்கு எதனா தெரியுமா?"

"நெட்வொர்க் இல்ல சிஸ்டர்," என்றேன். நாக்கு கூசவில்லை.

அவர் போனதும் அழித்தேன். வரிகள் மறைந்தன. மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தன. பயப்படவில்லை. எங்கள் தரவு அந்த அறையின் மூன்று கணினிகளிலும் பிரதியாக இருக்கும். ஒன்று அணைந்திருக்கும்போது அழித்தால், அது எழுந்ததும் அழித்ததைத் திரும்பக் கொடுத்துவிடும். தொழிலில் தெரிந்த வியாதிதான். மூன்றும் ஓடுவதை உறுதிசெய்துகொண்டு மறுபடி அழித்தேன்.

மறுபடி வந்தன. அடியில் புதிதாக ஒன்றும் வந்தது.

எண் 17. நேரம் 12:04.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 12:04.

பட்டையின் மின்கலம் ஆறு நாள் தாங்கும். வடிவைப் புதைத்து இருபத்தொரு நாள் ஆகிறது.

உடல்சூடு 16. நாடி 0.

அதற்குக் கீழே, நான் எழுதவே எழுதாத ஒரு வரி.

இரண்டாவது நாடி 138.

மணிக்கட்டுப் பட்டைக்கு வயிற்றுப் பிள்ளையின் துடிப்பு தெரியாது. ஆனால் என் தரவுத்தளம் கேள்வி கேட்காதே. வாங்கி வைத்துக்கொண்டது.

அறையில் டெட்டால் வாசனை போய், புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசனை வந்தது. பத்து நொடிக்கு ஒரு வரி. இடம் மாறியது. முதலில் புதைகாடு. பிறகு மலைப்பாதை. அதற்கும் கீழே. பேருந்து ஒரு வளைவு திரும்பும் நேரத்தில் மலையே முடிந்துவிட்டது.

கணியம்பாடி.

எங்கள் தெரு.

வீட்டுக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறை வெண்ணிலா எடுத்தாள்.

"வூட்ல யாரு இருக்காங்க?"

"யாரோ ஒரு பொண்ணுங்க. மலைலருந்து வர்றேன், செத்த ஒக்காந்துட்டுப் போறேன்னுச்சி. பாவம், அதுவும் மாசமா இருக்குது. கை மட்டும் ஜில்லுன்னு இருக்குது."

"கைய எதுக்குத் தொட்ட?"

"நான் எங்க தொட்டேன். அதுதான் என் வயித்துல கை வெச்சிது." வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு கிசுகிசுத்தாள். "எழுந்து போய்ட்டுதுங்க. போவசொல்ல அதுக்கு வயிறே இல்லீங்க."

நான் ஈஸ்வரியைத் தேடி ஓடினேன். விதியை, நாற்பது நிமிடத்தை, அழிக்க வந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார்.

"எழுதிக் குடுங்க சார். அர்ச்சுனன் கிட்ட நானே காட்றேன்."

நான்காம் நாள் பாதையோரம் கல் நட்டார்கள். நானும் போய் நின்றேன். அர்ச்சுனன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. அடித்திருந்தால் தேவலை. அன்றோடு பதினேழாம் எண் அடங்கியது.

வெண்ணிலாவுக்கு ஸ்கேன் எடுத்தோம். ஒரே குழந்தை, நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து பதினெட்டாம் எண்ணைத் திறந்து பார்த்தேன்.

நாடி 84. இரண்டாவது நாடி 144. மூன்றாவது நாடி 138.

நான் உண்மையைச் சொன்னது தாமதம். தாமதமாக வருவதை ஓரமாகத் தள்ளச் சொன்னவனும் நான்தான்.

நேற்று வெண்ணிலா பட்டையைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். முதல் இரண்டு வரிகளும் உடனே நின்றன. மூன்றாவது இன்னும் பத்து நொடிக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கிறது.