பத்து நிமிஷம் முந்திய சீட்டு

"ஏனுங்க, பார்சலை அந்த மேசை மேல வெச்சுட்டுப் போங்க!"

மில்லின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் எழில் தலையைத் தூக்கவேயில்லை.

"பார்சல் இல்லீங்க... நீங்க புகார் எழுதினீங்களே, வேலை தெரியாத சசிதர்னு... அது நான்தானுங்க."

நிமிர்ந்தாள். பீளமேட்டு மழை மொத்தமும் அவன் தலையில்தான் இறங்கியிருந்தது. சொட்டச் சொட்ட நின்றவனின் கண்கள் மட்டும்... சிரித்தன!

மூன்று மாதமாக ஃபோனில் கேட்ட குரலுக்கு இப்படியொரு முகமா?

மில்லின் கடவுச்சொல் ஒன்றைப் போட்டால் போதும். வெளியே இணையத்தில், கிளவுடில் இருக்கும் மின்னஞ்சல், டிசைன் எல்லாம் திறக்க வேண்டும். அந்த இணைப்பை அமைத்தவன் சசிதர். இன்று காலை யாருக்கும் எதுவும் திறக்கவில்லை. ஆத்திரத்தில், 'இந்த ஆளை மாற்றுங்கள்' என்று அவன் கம்பெனிக்கு எழுதிவிட்டாள் எழில். அந்தப் புகார் நிலைத்தால் அவன் வேலை போய்விடும்.

"சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது? சரி பண்ணுங்க!"

"ஒருக்கா கடவுச்சொல் போட்டு உள்ளே போய்ப் பாருங்க."

போனாள். திறக்கவில்லை. அவன் திரைப் பக்கம் குனிந்தான்.

"'இவரு எங்க ஆளு'ன்னு உங்க சர்வர் ஒரு சீட்டுக் குடுக்குதுங்க. அதுல மணி பத்து இருபது. இப்ப மணி என்னங்க?"

சுவரைப் பார்த்தாள். "பத்து இருபது."

அவன் கைக்கடிகாரத்தை நீட்டினான். பத்து பத்து!

"இன்னும் வராத நேரத்துல குடுத்த சீட்டை எங்க பக்கம் எப்படிங்க நம்பும்?"

எழில் சுவர்க் கடிகாரத்தையும் அவன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஷிப்டுக்கு யாரும் பிந்தக் கூடாதுன்னு இங்க எல்லாக் கடிகாரமும் பத்து நிமிஷம் வேகமுங்க. நேத்து புது சர்வருக்கும்... நான்தான்... அப்படியே வெச்சுப்போட்டேன்."

"நான் அமைச்சதுலதான் தப்புன்னே எழுதிடறேனுங்க. உங்க முதலாளிகிட்ட நீங்க தலை குனிய வேண்டாம்."

"உங்க வேலை?"

"வேற கிடைக்காமயா போயிரும்..."

"என்ர தப்பை நீங்க சுமக்கோணும்னு நான் கேட்டனா?"

விருட்டென்று எழுந்து முதலாளி நரசிம்மலுவின் அறைக்குள் போனாள்.

"ஐயா, தப்பு என்மேலங்க. சர்வர் நேரத்தையும் முன்னால தள்ளி வெச்சுப்போட்டேன். அவரு வேலை சுத்தமுங்க."

நரசிம்மலு கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஏன் அம்மணி, சர்வரும் ஷிப்டுக்கு ஓடி வரோணுமா?" உடம்பு குலுங்கச் சிரித்தார். "போ கண்ணு, திருத்து. அந்தப் பையனைப் பத்தி எழுதினதையும் மாத்து."

நேரம் திருத்திய மறுநிமிஷம், கூடம் முழுக்கக் கூச்சல். "திறந்துருச்சு! திறந்துருச்சு!"

புகாரை வாபஸ் வாங்கி அவனுக்குக் காட்டினாள். அவன் ஹெல்மெட்டை எடுத்தான். ஆனால் நகரவில்லை.

"இதை ஃபோன்லயே பாத்திருக்கலாமுங்க."

"அப்புறம் ஏன் மழையில வந்தீங்க?"

"இத்தனை அழகாத் திட்டறவங்களை ஒருக்காப் பாத்துட்டுப் போயிரலாம்னுதான்... பாத்தாச்சு. இப்பப் போக மனசில்லீங்க. உங்களைப் புடிச்சிருக்குது."

எழிலின் காது மடல் சிவந்தது. கை தானாக நீண்டு, அந்த ஈர ஹெல்மெட்டை வாங்கித் தன் மேசை மேல் வைத்தது.

"எனக்குந்தானுங்க..."